உடும்பின் வாழிடமும் முட்டைக் குழியும்: ராமநாதபுரம் கரையில் தோண்டாமல் அறியும் முறை

கண்மாய்க் கரையில் புதுக்குழி ஒன்றைக் கண்டதும் "உடும்பு முட்டை போட்டிருக்கு" என்று சொல்லிவிடுவது எளிது. பெரும்பாலும் அது தவறு. வாய் திறந்து கிடக்கும் குழி தங்கும் வளையாக இருக்கலாம், வண்டுப்புழு தேடிக் கிளறிய பள்ளமாக இருக்கலாம், முட்டையிடும் முன் தோண்டிப் பார்த்துக் கைவிட்ட குழியாகவும் இருக்கலாம். முட்டையிட்ட குழியைத் தாய் மண்தள்ளி மூடி, மூக்கால் குத்திக் கெட்டிப்படுத்திவிட்டுப் போய்விடும். அதாவது முட்டைக் குழி என்பது கண்ணுக்குத் தெரியாத குழி. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அந்த ஒன்றைக் கண்டுபிடிப்பது பற்றியது. கல்லூரி மாணவர், இயற்கைக் குழுக்கள், உப்பளத்திலும் பனங்காட்டிலும் வேலை செய்வோர் என யாரும் இதைச் செய்யலாம். விலையுயர்ந்த கருவி அதிகம் தேவையில்லை. காலை வெயிலைத் தாங்கும் உடம்பும் பொறுமையும் வேண்டும்.

முதலில் சட்டம்

உடும்பு, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. பிடிப்பது, கொல்வது மட்டுமல்ல, முட்டையை எடுப்பதும் குழியைக் கலைப்பதும் குற்றம். மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. ஆகவே தோண்டிப் பார்ப்பது, வளைக்குள் குச்சி விடுவது, புகை போடுவது, நாயைக் கூட்டிச் செல்வது எதுவும் ஆய்வாகாது. கண்ணால் பார்ப்பது, தடம் படிப்பது, தூரத்திலிருந்து படம் எடுப்பது இவ்வளவுதான் நம் வேலை.

காப்புக்காட்டிலும் பறவைகள் சரணாலயத்திலும் நுழைய ராமநாதபுரம் வனத்துறையின் எழுத்துமூல அனுமதி வேண்டும். குருசடை, முயல்தீவு, அப்பா தீவு போன்ற மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. தெரிந்தவர் வல்லம் இருக்கிறதென்று ஏறிப் போய்விட முடியாது. அனுமதி கைக்கு வரும்வரை பட்டா நிலம், பனங்காடு, ஊராட்சிக் கண்மாய்க் கரை இவற்றில் தொடங்குங்கள். நிலத்துக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். காலையில் புதருக்குள் குனிந்து திரியும் நாலு பேரை வேட்டைக்காரர் என்று ஊர் நினைத்தால் அதில் தப்பில்லை.

எந்த உடும்பு

நம் கரையில் இருப்பது வங்க உடும்பு, வரனஸ் பெங்காலென்சிஸ். வளர்ந்தது வால்நுனி வரை ஐந்தரை அடிக்கு மேலும் போகும், அதில் பாதிக்கு மேல் வால். நிறம் சாம்பல் கலந்த பழுப்பு. மூக்குத்துளை சாய்ந்த கீறல் போல, கண்ணுக்கும் மூக்குநுனிக்கும் நடுவாக்கில் இருக்கும். இந்த மூக்குத்துளையை நினைவில் வையுங்கள். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கையில் நீருடும்பும் உண்டு, அங்கே கபரகொய்யா என்பார்கள். அதன் மூக்குத்துளை உருண்டையாக மூக்குநுனியை ஒட்டி இருக்கும். இந்தியாவில் நீருடும்பு அந்தமான் நிக்கோபார், சுந்தரவனம், ஒடிசாவின் பித்தர்கணிகா, வடகிழக்கு மாநிலங்களில் வாழ்கிறது. "காரங்காட்டு அலையாத்தியில் நீருடும்பு பார்த்தேன்" என்று யாராவது சொன்னால் முதலில் மூக்கு தெரியும் படத்தைக் கேளுங்கள். நன்றாக நீந்தும் வங்க உடும்பாகத்தான் இருக்கும்.

குட்டி வேறு விலங்கு போலவே தெரியும். உடம்பெங்கும் மஞ்சள் புள்ளி, கழுத்திலும் முதுகிலும் கருப்புப் பட்டை. பொன்னுடும்பு என்று அதைத் தனி இனமாகச் சொல்வோர் உண்டு. வளர வளர அந்தப் பட்டை மங்கிப்போகும். கடித்தால் விஷம் ஏறிச் சாவார்கள் என்ற பேச்சுக்கும் வலுவான ஆதாரமில்லை. ஆனால் பல்லும் நகமும் வாலடியும் நிஜம், கடிபட்ட புண் சீழ்பிடிக்கும். கிட்டே போகாதீர்கள்.

தேட வேண்டிய இடங்கள்

உடும்புக்கு மூன்று வேண்டும்: காலையில் வெயில் காய இடம், வெயில் ஏறினால் ஒளிய இடம், இரை. மூன்றும் நூறு இருநூறு மீட்டருக்குள் கிடைக்கும் இடத்தை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் கரையில் அதற்குப் பனங்காட்டை மிஞ்சிய இடம் இல்லை. சாயல்குடிப் பக்கத்துத் தேரி எனும் செம்மணலிலும் உச்சிப்புளி, பெரியபட்டினம் பக்கத்து மணற்பாங்கிலும் பனை நெருங்கி நிற்கும். தலைபோன மொட்டைப்பனையின் உள்கூடு ஒரு வீடு. கழிக்காமல் விட்ட பனையில் தொங்கும் காவோலை குட்டிகளுக்கு மறைவு, ஏனென்றால் குட்டிகள் தரையைவிட மரத்தில்தான் அதிகம் வாழும். வளர்ந்தவை பெரும்பாலும் தரையில் திரியும், துரத்தினால் மட்டும் ஏறும். பனையடியில் கரையான் புற்று, வடலிகளுக்கு (இளம்பனைகளுக்கு) இடையே மேயும் மாட்டின் சாணி, சாணியில் வண்டு. அந்த வண்டுதான் உடும்பின் அன்றாடச் சாப்பாட்டில் பெரும்பங்கு. கோழிக்குஞ்சு திருடன் என்று பெயர் வாங்கியிருந்தாலும் அதன் வயிறு வண்டு, வெட்டுக்கிளி, புழு, நத்தை, நண்டு, தவளை, பறவை முட்டை, செத்த மீன் இவற்றால்தான் நிறைகிறது.

அடுத்தது கண்மாய்க் கரை. மடைக்கட்டின் கல்லிடுக்கு, கலுங்கின் (உபரிநீர் வழியும் கட்டின்) இடிந்த பகுதி, கரையின் வெளிச்சரிவு மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். உப்பளப் பாத்திகளுக்கு நடுவே அது இரை தேடி வரும், தங்காது. உவர்மண்ணில் கொஞ்சம் தோண்டினாலே உப்புநீர் ஊறும். ஆனால் வாலிநோக்கம் போன்ற இடங்களில் உப்பளத்தைச் சுற்றிய உயரமான வரப்பும் அதில் வளர்ந்த சீமைக்கருவேலும் கணக்கில் சேரும். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியின் இடிபாடு, கடலோர ஊர்களின் பழைய பவளக்கல் சுவர், பாழ்க்கிணறு இவற்றின் பொந்துகளையும் விடாதீர்கள்.

கடற்கரை மணலில் ஒரு எச்சரிக்கை. பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) முட்டையிடும் காலத்தில் வனத்துறை வைத்திருக்கும் குறிகளுக்கு அருகே போகாதீர்கள். ஆமை முட்டையை உடும்பு தின்னும். ஆமைக்குழி ஓரம் உடும்புத் தடம் கண்டால் காவலரிடம் சொல்லுங்கள், நீங்களே விரட்டவோ வேலி போடவோ வேண்டாம்.

கையில் இருக்க வேண்டியவை

8×42 இருகண்நோக்கி ஒன்று. 30 மீட்டர் அளவுநாடா. படத்தில் அளவு தெரிய 15 செ.மீ. அளவுகோல். கம்பிமுனை கொண்ட மண் வெப்பமானி. ஜிபிஎஸ் உள்ள கைபேசி. தென்னை ஈர்க்கு ஒரு கட்டு. பனைமட்டை ஒன்று. கெட்டி அட்டை நோட்டும் பென்சிலும். வியர்வையிலும் உப்புக்காற்றிலும் பேனா மை கரையும். ஒருவருக்கு மூன்று லிட்டர் தண்ணீர். வசதி இருந்தால் தானியங்கி கேமரா இரண்டு.

வரிசை நடை

பனங்காடு, கண்மாய்க் கரை, சீமைக்கருவேல், மணற்கரை என்று வகைக்கு ஒன்றிரண்டாக, ஒரு கிலோமீட்டர் நீளத்தில் ஆறு கோடுகள் போடுங்கள். ஒவ்வொன்றையும் மாதம் மூன்று முறை நடந்தால் மொத்தம் 18 கிலோமீட்டர். மாதத்தின் வாரஇறுதிகளிலேயே முடிந்துவிடும் வேலை. வெயில் ஏறத் தொடங்கும் ஏழரை மணிக்குப் புறப்பட்டுப் பத்தரைக்குள் முடியுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு 40 நிமிடத்துக்குக் குறையாமல் நடக்க வேண்டும். வேகமாக நடந்தால் நீங்கள் பார்ப்பதற்கு முன் அது உங்களைப் பார்த்துவிடும். நண்பகலில் மணல் கொதிக்கையில் அது வளைக்குள் இருக்கும். மாலை நான்குக்கு மேல் இன்னொரு முறை வெளிவரலாம். மேகமூட்டமான நாளில் எல்லாம் தள்ளிப்போகும், அதனால் மேகமும் காற்றும் ஒவ்வொரு நடையிலும் குறிக்கப்பட வேண்டும்.

இருபுறமும் பத்துப் பத்து மீட்டர் பார்த்தால் ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு எக்டேர். பலர் சறுக்குவது இங்கேதான். அடர்ந்த சீமைக்கருவேலுக்குள் மூன்று நான்கு மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அங்கே குறைவாகப் பார்த்ததை வைத்து "கருவேலங்காட்டில் உடும்பு இல்லை" என்று எழுதினால் அது உடும்பைப் பற்றிய தகவலல்ல, உங்கள் கண்ணைப் பற்றிய தகவல். நூறு மீட்டருக்கு ஒருமுறை நின்று, உண்மையில் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று எழுதுங்கள். ஒன்றும் காணாத நடைக்கும் பூஜ்யம் என்று பதிவு போடுங்கள்.

உடும்பைப் பார்த்தால் எழுத வேண்டியது: நேரம், தரையா மரமா புற்றா, அசைந்ததா காய்ந்ததா, தோராய நீளம், வயிறு உப்பியிருந்ததா, எங்கே ஓடி ஒளிந்தது. கடைசி விஷயம் முக்கியம், அடுத்த நாள் தேடவேண்டிய வளை அதுதான். இரண்டு உடும்பு பின்னங்காலில் நிமிர்ந்து நின்று கட்டிப்பிடித்துத் தள்ளினால் அது இணைசேர்தல் அல்ல, ஆண்களின் மல்லுக்கட்டு. அந்தத் தேதியைத் தடித்த எழுத்தில் குறியுங்கள். இனப்பெருக்கக் காலம் தொடங்கிவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி கிடைக்காது.

தடமும் எச்சமும்

மணலில் உடும்புத் தடம் என்றால் நடுவே பாம்புபோல் நெளியும் வால்கோடு, இருபக்கமும் மாறிமாறி ஐந்துவிரல் பதிவு, விரல்நுனியில் நகக்குத்து. ஓடும்போது வாலைத் தூக்கும், அப்போது கோடு விட்டுவிட்டுத் தெரியும். கீரிக்கு வால்கோடு இப்படி விழாது, பாதம் குட்டை. ஓணானுக்கும் கோடு உண்டு, ஆனால் பாதம் விரல்கடை அளவுதான்.

வளைக்கு முன்னும் ஒற்றையடிப் பாதையின் குறுக்கேயும் ஒரு மீட்டர் அகலத்துக்கு மணலைப் பனைமட்டையால் வழித்துவிட்டால் தடம் சுத்தமாக விழும். எப்போது வழிப்பது என்பதில்தான் பிழை வருகிறது. முந்தின மாலை வழித்தால் விடியலில் நரி, நாய், நண்டுத் தடந்தான் இருக்கும். உடும்பு பகல் விலங்கு. காலை ஆறுக்கு வழித்துப் பதினொன்றுக்குப் பாருங்கள். ஆடி மாதத் தென்மேற்குக் காற்றில் தனுஷ்கோடிப் பக்கம் பதினொன்று வரைகூடத் தடம் நிற்காது, மணிக்கொரு முறை போக வேண்டும், அல்லது மரமறைவுள்ள இடமாகப் பார்க்க வேண்டும்.

எச்சம் நீளமாக, ஒரு முனையில் சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கும். உடைத்துப் பார்த்தால் வண்டின் கெட்டி இறகு, நண்டோடு. கையால் தொடாமல் குச்சியால் பிரியுங்கள்.

குழியை வகைப்படுத்துவது

இரைக்குழி ஆழமில்லாதது. சாணிக்கடியிலும் சருகுக்கடியிலும் கையகலப் பள்ளங்கள் வரிசையாகக் கிடக்கும். இதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

தங்கும் வளையின் வாய் அகலம் அதிகம், உயரம் குறைவு. மேற்பக்கம் வளைந்த அரைவட்டம். வாய்த்தரை வயிறு உரசி வழவழப்பாக இருக்கும். வாயின் குறுக்கே இரண்டு ஈர்க்கைப் பெருக்கல் குறிபோல் லேசாகச் சாய்த்துவையுங்கள், மண்ணில் ஆழக் குத்தாதீர்கள். மூன்று நாள் காலையும் மாலையும் பார்த்தால், சாய்ந்த திசையை வைத்துப் போனதா வந்ததா என்று தெரியும். மூன்று நாளும் அசையாமல் சிலந்தி வலை கட்டியிருந்தால் காலி வளை. மண்ணெலி வளையும் நண்டு வளையும் வட்டமாக இருக்கும். நண்டு தள்ளிய மண் உருண்டை உருண்டையாகக் கிடக்கும்.

இனி முட்டைக் குழி. பெண் உடும்பு தட்டை நிலத்திலோ, கரைச்சரிவிலோ, கரையான் புற்றிலோ சாய்வாகத் தோண்டும். முட்டையிட்டு மூடியபின் சுற்றிலும் மண்ணை வாரி இறைக்கும். பக்கத்திலேயே முட்டையில்லாத பொய்க்குழிகளையும் தோண்டி வைக்கும். முட்டை திருடும் கீரிக்கும் நரிக்கும் வைத்த பொறி அது. நாமும் அதில் விழுகிறோம். பொய்க்குழி அரைகுறையாகத் திறந்து கண்ணில் படும், உண்மையானது மூடி மறைந்திருக்கும். ஆகவே புதுக்குழிகள் இரண்டு மூன்று அருகருகே கண்டால், அவற்றுக்கு இடையே மண்நிறம் மாறி, மேலே தளர்ந்தும் நடுவில் கெட்டியாகவும் கிடக்கும் திட்டைத் தேடுங்கள். ஈரமண் உலராமல் கருத்துக் கிடக்கும் முதல் நாளில்தான் அது தெரியும். மறுநாள் காற்று எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிடும்.

மண்ணை வைத்து மட்டும் உறுதி சொல்லாதீர்கள். தாயையும் பார்த்தாக வேண்டும். இருபக்க விலாவும் புடைத்த பெண் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து தோண்டுவது, பிறகு விலா ஒட்டித் தோல் மடிந்து தெரிவது, இந்த இரண்டும் கண்டால்தான் "உறுதி" என்று எழுதலாம். மண் அடையாளம் மட்டும் என்றால் "சந்தேகம்" என்ற பத்தியில் போடுங்கள்.

உலகில் மற்ற பெரிய உடும்புகளும் இப்படியே முட்டையை ஒளிக்கின்றன. இந்தோனேசியாவின் கொமோடோ உடும்பு, மேட்டுக்கோழி என்ற பறவை குவித்த மண்மேட்டில் முட்டையிட்டு அங்கேயும் பொய்க்குழி தோண்டுகிறது. ஆஸ்திரேலியாவின் மஞ்சள்புள்ளி உடும்பு மூன்று மீட்டர் ஆழம் வரை திருகுச்சுருளாகத் தோண்டுவது சில ஆண்டுகளுக்கு முன்புதான் தெரியவந்தது.

ஏன் புற்று, ஏன் மேடு

முட்டைக்குத் தோல்போன்ற மெல்லிய ஓடு. அதன் வழியே காற்றும் ஈரமும் போய்வர வேண்டும். வறண்டால் சுருங்கிவிடும், நீர் தேங்கினால் மூச்சடைத்துக் கரு சாகும். கரையான் புற்று தரைக்கு மேல் எழும்பி நிற்பதால் வெள்ளம் ஏறாது. உள்ளே வெப்பமும் ஈரமும் பெரிதாக ஏறி இறங்காது. நம் மாவட்டத்தில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் ஒரே மூச்சாகக் கொட்டுவது. கண்மாய் உள்வாயில் உள்ள குழி அப்போது மூழ்கும், கரைச்சரிவின் மேல்பாதியில் உள்ளது தப்பும். அதனால் ஒவ்வொரு குழிக்கும் முந்தைய ஆண்டின் நீர்மட்டக் கறையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து எழுதுங்கள். பக்கத்து மரம் எவ்வளவு தூரம், நண்பகலில் நிழலா வெயிலா, புற்று உயிரோடு இருக்கிறதா செத்ததா என்பவையும் வேண்டும்.

மண் வெப்பத்தைக் குழிக்குள் அளக்கக் கூடாது. தோண்டிய மண் எந்தப் பக்கம் குவிந்திருக்கிறதோ, சுரங்கம் அதற்கு எதிர்ப்பக்கம் போகும். ஆகவே மண்குவியல் இருக்கும் பக்கம் மூன்று மீட்டர் தள்ளி, 30 செ.மீ. ஆழத்தில் கம்பியை இறக்குங்கள். மறுபக்கம் குத்தினால் முட்டையில் குத்துவீர்கள்.

நாள்காட்டி

பொதுவாகச் சொல்லும் கணக்கு: ஆண்களின் மல்லுக்கட்டு ஏப்ரலில் தொடங்கும், இனப்பெருக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை, ஒரு ஈட்டில் இருபதை ஒட்டிய முட்டைகள், பொரிய 168 முதல் 254 நாள். இந்த மாதக் கணக்கை அப்படியே நம் கரைக்குப் பொருத்தாதீர்கள். நாட்டின் பெரும்பகுதிக்கு மழை ஆனியில் வருகிறது, நமக்கு ஐப்பசியில். பன்னிரண்டு மாதமும் நடந்து நீங்களே எழுதும் நாள்காட்டிதான் இந்த வேலையின் பலன்.

முட்டையிட்ட தேதி உறுதியாகக் கிடைத்தால் மீதி கூட்டல்தான். ஆகஸ்ட் 10 என்று வையுங்கள். 168ஆம் நாள் ஜனவரி 25, 254ஆம் நாள் ஏப்ரல் 21. அந்த மூன்று மாதம் கேமரா நிற்க வேண்டும். குஞ்சுகள் ஏறத்தாழ ஒரு சாண் நீளத்தில் குறுகலான துளை வழியே வெளியேறும். கீறிய ஓடுகள் உள்ளேயே கிடக்கும். குழி அகலமாகப் பிளந்து, கிழிந்த ஓடு வெளியே சிதறியிருந்தால் அது பொரிந்ததல்ல, கீரியோ நரியோ நாயோ தின்றது.

கேமராவும் காவலும்

தானியங்கி கேமரா உடல்சூட்டை உணர்ந்து படம் எடுக்கும். வெயிலில் மணலும் உடும்பும் ஒரே சூட்டில் இருந்தால் அது தூங்கிவிடும். "ஒரு மாதம் வைத்தும் ஒன்றும் வரவில்லை" என்ற புலம்பலுக்குப் பாதிக் காரணம் இதுதான். நிமிடத்துக்கு ஒரு படம் என்று நேரமுறையில் அமையுங்கள். காலை ஏழு முதல் மாலை ஆறு வரை 660 படம். ஒரு படம் 2 எம்பி என்றால் 32 ஜிபி அட்டை மூன்று வாரத்துக்குச் சற்றே கூடுதலாகத் தாங்கும். மூன்று மீட்டர் தள்ளி, முழங்கால் உயரத்தில், வடக்குப் பார்த்து வையுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், உப்புப் படியும் கண்ணாடியை நன்னீர்த் துணியால் துடையுங்கள்.

தாய் தோண்டுவதைக் கண்டால் 25 மீட்டருக்குள் போகாதீர்கள். கலைந்தால் குழியைக் கைவிடும். மூடிச்சென்ற பின்பும் குழிவரை போய்த் திரும்பி வராதீர்கள், உங்கள் மோப்பத்தைப் பிடித்து நாய் வரும். கடந்து போகிறவர் போல் ஓரமாக நடந்து போய்விடுங்கள். குழிமேல் கொடி நட்டால் அது வேட்டைக்காரனுக்கு வைத்த விலாசம். ஏதாவது ஒரு மரத்தை அடையாளம் வைத்து, அதிலிருந்து எத்தனை மீட்டர், எந்தத் திசை என்று நோட்டில் மட்டும் எழுதுங்கள். இடக்குறியை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், படத்திலிருந்தும் நீக்கிவிடுங்கள். கறிக்கும் எண்ணெய்க்கும் இன்றும் தேடுவோர் உண்டு. ஒரு காலத்தில் கஞ்சிரா என்ற தாளக்கருவிக்குப் போர்த்தியதும் இதன் தோல்தான். "ஹத்தா ஜோடி" என்று மூலிகை வேர் போல விற்கப்படுவது ஆண் உடும்பின் உலர்த்திய பிறப்புறுப்பு.

கண்மாய் தூர்வாரும்போதோ கருவேல் பிடுங்கும்போதோ ஜேசிபி வாளியில் வெள்ளை முட்டை வெளிப்பட்டால், வண்டியை நிறுத்தச் சொல்லி வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை முட்டையைப் புரட்டாமல், கிடந்த நிலையிலேயே அதே ஈரமண்ணால் லேசாக மூடி, ஓலை நிழல் போட்டு, காக்கையும் நாயும் அண்டாமல் ஒருவர் நின்றால் போதும். தண்ணீர் ஊற்ற வேண்டாம். எத்தனை முட்டை, எவ்வளவு ஆழம், எந்த மண் என்பதை அந்த இடத்திலேயே எழுதிவிடுங்கள். தோண்டாமல் வேலை செய்கிற நமக்கு இந்த மூன்றும் இப்படித் தற்செயலாகத்தான் கிடைக்கும்.